ஐம்பது வயது காருக்கு எந்தக் காகிதம்? புதுப்பித்தல், வின்டேஜ் பதிவு, உடைத்தல்: நெல்லைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

"பதினைந்து வருடம் ஆகிவிட்டால் காரை உடைத்துவிட வேண்டுமாமே?" திருநெல்வேலிப் பக்கம் இப்போது எங்கே போனாலும் இந்தக் கேள்விதான். அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, இந்தப் பயத்திலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரீமியர் பத்மினியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அந்தக் காரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பயம் இரண்டு வழியாக ஊருக்குள் வந்தது. முதல் வழி டெல்லி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையும், அதை ஒட்டி 2018-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவும், 10 வருடம் கடந்த டீசல் வண்டிகளையும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிகளையும் தலைநகர் வட்டாரத்துச் சாலைகளிலிருந்து விலக்கின. அது அந்த வட்டாரத்துக்கு மட்டுமே உரியது. இரண்டாவது வழி அரசு வண்டிகள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று மத்திய விதி வந்தது. அரசு அலுவலக வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஓடாத ஜீப்புகள் நிற்பதைப் பார்க்கிறவர், நாளைக்கு நம் காருக்கும் இதே கதிதான் என்று எடுத்துக்கொள்கிறார்.

உள்ளபடி சட்டம் சொல்வது வேறு. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, சொந்த உபயோகக் காரின் பதிவுச் சான்று, அதாவது நாம் ஆர்.சி. புத்தகம் என்று சொல்வது, 15 வருடம் செல்லும். அதன்பிறகு வண்டி ஓடத் தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். எத்தனை முறை என்று அந்தப் பிரிவு வரம்பு போடவில்லை. 1965 மாடல் ஃபியட்டும் இப்படித்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஆகவே உடைப்பதா வேண்டாமா என்பது முதல் கேள்வியே ஆகாது. காருக்கு 50 வயது ஆகிவிட்டால் எந்தக் காகிதத்தில் அதை வைத்துக்கொள்வது என்பதுதான் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். எங்கள் குடும்பத்திலேயே இதில் மூன்று கட்சி. கல்லிடைக்குறிச்சியில் சித்தப்பாவிடம் 1973-ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் II இருக்கிறது. ஆர்.சி. காலாவதியாகும் நாள் நெருங்குகிறது. பெங்களூரில் இருக்கும் மூத்த மகன், "வின்டேஜாகப் பதிந்துவிடுங்கள் அப்பா, மதிப்பு கூடும்" என்கிறான். ஊரில் விவசாயம் பார்க்கும் இளையவன் வழக்கம்போலப் புதுப்பித்தால் போதும் என்கிறான். சித்திக்கோ கொட்டகை காலியானால் போதும். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் காசும் கணக்குமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் இளையவன் சொல்லும் வழி. படிவம் 25-இல் விண்ணப்பம், வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் வாகன ஆய்வாளரிடம் காட்டுதல், கட்டணம், மாநிலத்தின் பசுமை வரி. இவ்வளவுதான். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் அதையும் இரட்டிப்பாக்கினார்கள். இன்று 20 வயது கடந்த காருக்கு 10,000 ரூபாய், பைக்குக்கு 2,000 ரூபாய், இறக்குமதியான காருக்கு 80,000 ரூபாய், ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும். தேதி தவறினால், மத்திய விதிப்படி காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணமும் சேரும். ஐந்து வருடம் கவனிக்காமல் கிடந்த காருக்கு இந்தத் தாமதக் கட்டணமே 30,000 ஆகிவிடும். பழைய கார்களைக் கொல்வது பெரும்பாலும் துருவும் சட்டமும் அல்ல, இந்தத் தேதியை மறப்பதுதான்.

மூத்தவன் சொல்லும் வின்டேஜ் பதிவு 2021 ஜூலையில் வந்த ஏற்பாடு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81-ஏ முதல் 81-ஜி வரை இதற்கென்றே சேர்த்தார்கள். முதல் பதிவு நடந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் வந்தபடியே வைத்திருக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கும் காருக்கும் ஒரே விதி. படிவம் 20-இல் விண்ணப்பிக்க வேண்டும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். அது 10 வருடம் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் போதும். புதிதாகப் பதிகிற வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்துப் பலகையை உயிராக மதிக்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கு இது நிம்மதி.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை என்ன? அன்றாட ஓட்டத்துக்கு அந்தக் காரைச் சாலையில் எடுக்கக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, வின்டேஜ் கார் ஊர்வலம், அவற்றுக்குப் போய் வருதல், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல். அனுமதி இவ்வளவுக்கே. சித்தப்பா வெள்ளிக்கிழமைதோறும் சித்தியை ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம் சந்தைக்குப் போவது இந்தப் பட்டியலில் இல்லை. ஆடி அமாவாசைக்கு முந்தைய வாரம் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வருவதும் இல்லை. பேரன் திருமணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரை எடுப்பதும் இல்லை.

சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் பழைய கார்க் கண்காட்சிகள் அவ்வப்போது நடக்கும். தாமிரபரணிக் கரையில் நமக்கு அப்படி வருடத்தில் எத்தனை வாய்ப்பு வரும்? வின்டேஜ் பதிவு என்பது கிட்டத்தட்ட ஓர் அருங்காட்சியகச் சீட்டு. அதை வாங்கும் முன் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் இப்படி இல்லை என்பது என் மனக்குறை. பிரிட்டனில் 2018 மே 20 முதல், 40 வயது கடந்து, கடைசி 30 வருடத்தில் பெரிய மாற்றம் செய்யாத காருக்கு வருடாந்தரத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் தினசரி ஓட்டத் தடையில்லை. ஆபத்தான நிலையில் ஓட்டினால் தண்டனையும் உண்டு. ஜெர்மனியில் 30 வயதான, அசல் வடிவம் கெடாத காருக்குப் பதிவு எண்ணின் கடைசியில் 'ஹெச்' எழுத்து கிடைக்கும். சோதனையிலிருந்து விலக்கு இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நிலையத்தில் ஏற்றியே ஆக வேண்டும். ஓட்டத் தடையும் இல்லை. ஒரு நாடு உரிமையாளரை நம்புகிறது, மற்றொன்று சோதித்துவிட்டு ஓட விடுகிறது. நம் விதி பத்து வருடச் சான்றைக் கொடுத்துவிட்டு, காரைக் கொட்டகையில் நிறுத்தச் சொல்கிறது. ஜெர்மனிக்காரர்களின் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிரேக் பிடிக்கிறதா என்று பார், பிடித்தால் ஓட்டு. அவ்வளவு போதும்.

இனிக் கணக்கு. சித்தப்பாவின் அம்பாசடருக்குப் பத்து வருடத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் இரண்டு முறை 10,000, ஆக 20,000. வின்டேஜாகப் பதிந்தாலும் பத்து வருடத்துக்கு அதே 20,000. வித்தியாசம் இன்சூரன்ஸில்தான் வருகிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு வருடம் 3,416 ரூபாய். அம்பாசடரின் பழைய என்ஜின் 1,489 சி.சி. என்பதால் இந்த வகைக்குள் வருகிறது. வின்டேஜாகப் பதிவான காருக்கு இதில் பாதி, 1,708 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. ஆக வருடத்துக்கு 1,700 ரூபாய் சொச்சம், மாதத்துக்கு 140 ரூபாய்போல மிச்சம். இதற்காகச் சந்தைக்கும் கோயிலுக்கும் போகும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமா? இரண்டாவது பத்து வருடத்தில் வின்டேஜுக்கு 5,000 மட்டுமே என்பதால் மிச்சம் கூடும், உண்மைதான். ஆனால் சித்தப்பாவுக்கு இப்போது 74 வயது. அவருக்கு இந்தப் பத்து வருடம்தான் முக்கியம்.

இறக்குமதிக் காரில் கணக்கு தலைகீழாகிவிடும். நம் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் செவ்ரோலே, ஆஸ்டின் என்று ஒன்றிரண்டு இன்னும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. பதிவில் அது இறக்குமதி வண்டி என்று இருந்தால், பத்து வருடத்தில் புதுப்பிப்புக்கு மட்டும் 1,60,000 ரூபாய். வின்டேஜுக்கு 20,000. யோசிக்கவே வேண்டாம், வின்டேஜ்தான். அந்தப் பெரிய கார்களை எடுத்துக்கொண்டு யாரும் காய்கறிச் சந்தைக்குப் போவதில்லை, ஆகவே இழப்பும் குறைவு. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முழுதாகக் கப்பலில் வந்த காரும், பாகங்களாக வந்து இங்கே கோத்த காரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் எந்தக் கட்டணம் என்று முடிவுக்கு வர வேண்டும்.

பைக் வைத்திருக்கிறவர்கள் வின்டேஜ் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. பழைய ஜாவா, ராஜ்தூத், மெட்ராஸ் புல்லட் எதுவானாலும் பத்து வருடப் புதுப்பிப்பு 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வின்டேஜுக்கு 20,000. இன்சூரன்ஸில் பாதிச் சலுகையும் காருக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாருதி 800 வைத்திருப்பவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டும். முதல் மாருதி 800 சாவி கைமாறியதே 1983 டிசம்பரில்தான். அந்தக் காரே 2033 டிசம்பரில்தான் ஐம்பதைத் தொடும்.

மதிப்பு கூடும் என்று மூத்தவன் சொன்னதை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. அசல் வடிவம் கெடவில்லை என்பதற்கு அரசுச் சான்று இருப்பது விற்கும்போது உதவும். வின்டேஜ் காரை விற்கவும் வாங்கவும் தடையில்லை, 90 நாளுக்குள் இரு தரப்பும் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தால் போதும். ஆனால் விற்பதற்காக வைத்திருக்கும் காருக்கும் குடும்பத்தோடு வாழும் காருக்கும் ஒரே முடிவை எடுக்க முடியாது.

நம் பக்கத்து அம்பாசடர்களில் பாதிக்கு மேல் வின்டேஜ் கதவு ஏற்கெனவே மூடிக்கிடக்கிறது என்பது என் கணிப்பு. காரணம் டீசல். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் எத்தனை பேர் அசல் என்ஜினை இறக்கிவிட்டு மட்டடார் என்ஜினையோ வேறு எதையோ ஏற்றினார்கள்! என்ஜின் மாறினால் அசல் வடிவம் போயிற்று. அதைவிட ஆபத்து, அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமல் இருப்பது. சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி.யில் ஓர் எண்ணும் வண்டியில் வேறோர் எண்ணும் இருந்தால் சாதாரணப் புதுப்பிப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள். கொட்டகையின் மூலையில் பழைய பெட்ரோல் என்ஜின் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது என்றால், தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் எண்தான் உங்கள் காரின் அடையாளம்.

சேஸிஸ் எண்ணும் அப்படித்தான். ஆய்வாளரிடம் காட்டுமுன், கிரீஸும் பெயின்டும் மூடிய எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். ஒவ்வோர் இலக்கமும் காகிதத்தில் வெள்ளையாக எழும்பி வர வேண்டும். பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு டிங்கர் கடையில், ஒரு பையன் அழகுக்காக அந்த இடத்தையும் சேர்த்து உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிவிட்டான். கடைசி இரண்டு இலக்கம் தேய்ந்துபோனது. கார் பளபளவென்று நின்றது, உரிமையாளர் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். டிங்கரிங் வேலைக்கு விடும் முன் அந்த எண்ணைச் சுற்றி டேப் ஒட்டி, "இதைத் தொடாதே தம்பி" என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

சித்தியின் யோசனைக்கு வருவோம். உடைக்கக் கொடுப்பது என்றால் இப்போது முறையான வழி இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று கொடுப்பார்கள். அதைக் காட்டிப் புதிய கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநில அரசு சலுகை தரலாம் என்றும் மத்திய விதி சொல்கிறது. அடுத்து ஒரு புதிய கார் வாங்கப்போகிறவருக்கு இது நல்ல கணக்கு. வாங்கப்போவதில்லை என்றால் கிடைப்பது இரும்பு விலை. ஓர் அம்பாசடரின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. அதை இன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கிப் பாருங்கள், அதே கார் ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்றும் விசாரியுங்கள்.

காயலான் கடைக்குப் போடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கையில் பணம் உடனே வரும், சான்று வராது. ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அந்த எண் வேறொரு வண்டியில் ஏறினால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வண்டி அழிந்துவிட்டால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 55-ஆம் பிரிவும் சொல்கிறது.

உடைக்க வேண்டிய கார்களும் உண்டு, இல்லையென்று நான் சொல்லவில்லை. உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் கடல் காற்றில் வருடக்கணக்காக நின்ற கார்களைப் பார்த்தால் புரியும். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பாடியைத் தாங்கத் தனியாக அடிச்சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் உளுத்துவிட்டால் காரின் முதுகெலும்பே போய்விட்டது என்று அர்த்தம். சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும், உளுத்த தகடு மொத்தென்று உள்ளே போகும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு விலக்கு. அதற்குத் தனி அடிச்சட்டகம் உண்டு, பாடியைத் தூக்கி வைத்துவிட்டுப் பழுது பார்க்கலாம். ஆகவே ஹெரால்டை அவசரப்பட்டு உடைக்காதீர்கள். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு ஆகிறது, ஒன்று போனால் அதன் கண்ணாடியும் கைப்பிடியும் சேர்ந்தே போய்விடும்.

நான் இதுவரை சொன்ன மூன்று வழியிலும் சேராத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். எந்தக் காகிதத்தை எடுத்தாலும், கார் பத்திரமாக ஓடுகிறதா என்பதற்கு அந்தக் காகிதம் முழு உத்தரவாதம் தராது. லாரிக்கும் டாக்ஸிக்கும் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருடந்தோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். சொந்தக் கார் ஆய்வாளர் முன்னால் நிற்பது ஐந்து வருடத்துக்கு ஒரு நாள். அன்றைக்கு விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும், வைப்பர் ஆடும், டயர் புதிதாக இருக்கும். அடுத்த 1,825 நாளுக்கு யார் பொறுப்பு? காரை ஓட்டுகிறவர்தான்.

பழைய அம்பாசடரிலும் ஃபியட்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்று. எந்தச் சக்கரத்திலாவது ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தால் நான்கு பிரேக்கும் போகும். புதுக் கார்களில் இரண்டு சுற்று இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும், இதில் அந்தப் பேச்சே இல்லை. காரையாரிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும் மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், பொங்கல் பாத்திரங்கள், இரண்டாம் கியருக்குப் பதில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிற ஒருவர். டிரம் சூடேறி, மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போகும்.

வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இதைச் சோதிக்கும் விதத்தை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக் மிதியைக் கனமாக அழுத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டு மனதுக்குள் அறுபது வரை எண்ணுவார். மிதி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு விரற்கடை இறங்கினாலும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றச் சொல்லிவிடுவார். பிறகு நான்கு டிரம்மையும் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே ஈரம் கண்டால், "இது இன்றைக்குப் பிடிக்கும், நாளைக்குப் பிடிக்காது, அண்ணாச்சி" என்பார். அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டி, கிங் பின், பேரிங் எல்லாவற்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். இதற்கு ஒரு முற்பகல் போதும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் ஆய்வைவிட, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் இந்த முற்பகல் உயிரைக் காக்கும்.

தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளும் 2021 செப்டம்பரிலேயே வந்துவிட்டன. அங்கே காரை உருளைகளின் மேல் நிறுத்தி, இடது பிரேக், வலது பிரேக் இரண்டின் பலத்தையும் தனித்தனியாக அளப்பார்கள். பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கும் காரை மனிதக் கண் மன்னித்துவிடலாம், அந்த உருளை மன்னிக்காது. சொந்தக் கார்களும் நாளை அந்த வரிசையில் நிற்கலாம். லைனிங்கை நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றி வைப்பது இன்றைக்கே நல்லது.

புகைச் சான்றுக்குப் பழைய கார் தேறாது என்பதும் வீண் பயம்தான். பாரத் ஸ்டேஜ் இரண்டு என்ற புகை அளவுகோலுக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். வரை விதியே இடம் கொடுக்கிறது. புதுக் கார்களின் அளவு இதைவிடப் பல மடங்கு கடுமையானது. கார்புரேட்டர் சுத்தமாக, பிளக் சரியாக, என்ஜின் நன்றாகச் சூடேறி இருந்தால் அம்பாசடர் தேறிவிடும். காலையில் கொட்டகையிலிருந்து எடுத்த குளிர்ந்த என்ஜினோடு போய் நிற்காதீர்கள், ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போங்கள். இந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுவது தீ விபத்துக்கும் பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருமணத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் பழைய காரை வாடகைக்கு விடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வெள்ளைப் பலகை காரை வாடகைக்கு விடுவது எந்தப் பதிவிலும் சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கை கொடுக்காது. மணமக்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி அம்பாசடருக்கு என் முடிவு: புதுப்பித்தல். என்ஜின் அசல், எண் பொருந்துகிறது, தகடு கணீரென்கிறது, சித்தப்பா வாரம் ஒரு முறையாவது அதை எடுக்கிறார். ஓடுகிற காருக்கு ஓடும் காகிதம்தான் பொருத்தம். அவர் ஓட்டுவதை நிறுத்தும் நாளில், 50 வயது எப்போதோ கடந்த அந்தக் காரை மூத்தவன் விருப்பப்படியே வின்டேஜாக மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருக்கும். இதற்காகவே அதன் அசல் என்ஜினையும் பாடியையும் இப்போது கெடாமல் காக்க வேண்டும். அதைப் பெங்களூருக்கு எடுத்துப்போய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். சித்திக்கு, கொட்டகையில் காரைத் தவிர மற்ற எல்லாச் சாமான்களையும் ஒழித்துத் தருவதாக இளையவன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

உரிமையாளர் காலமாகி, கார் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிற வீடுகளில் இவை எதற்கும் முன்னால் பெயர் மாற்றம் நடக்க வேண்டும். வாரிசுச் சான்றோடு படிவம் 31. அதற்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். புதுப்பிப்பு விண்ணப்பத்தைக் காலாவதித் தேதிக்கு 60 நாள் முன்னதாகவே கொடுக்கலாம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உங்கள் ஆர்.சி.யின் தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மூன்றெழுத்துக் காலத்து வண்டிகளில் சில அந்தக் கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கின்றன. உங்களுடையது அப்படியானால் பழைய ஆர்.சி. புத்தகம், வரி ரசீது, இன்சூரன்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் அந்தப் பதிவை ஏற்ற விண்ணப்பியுங்கள். அது முடிந்தபிறகுதான் படிவம் 25-ஆ, 20-ஆ என்ற கேள்வியே எழும்.